கைப்பிடியைத் தொடாமல்

“கைப்பிடியை மட்டும் பிடிக்காதீங்க அங்கிள். பிடிச்சா டெஸ்ட் செல்லாது,” என்றாள் அஞ்சு.

பிடித்துவிடட்டும் என்று பொன்னம்மை மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். டிரெட்மில்லில் அவள் கணவர் தாணுலிங்கம் மூச்சிரைக்க நடந்துகொண்டிருந்தார். நெஞ்சிலும் முழங்காலிலும் ஒயர்கள். மொத்தம் பன்னிரண்டு நிமிடம், ஏழு முடிந்திருந்தது. திரையில் இதயத் துடிப்பு நூற்று முப்பத்தெட்டு.

இன்று அவர் தேறிவிட்டால் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். தேறாவிட்டால் இல்லை. தேறக் கூடாது என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள் அவள்.

நான்கு மாதத்துக்கு முன் முதல்முறை இங்கே வந்தபோது தாணுலிங்கத்தின் எடை நூற்றுப் பத்து கிலோ. பாத்திரக்கடையில் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்தே வளர்த்த உடம்பு. “ஈரல் முழுக்கக் கொழுப்பு. அது கரைஞ்சு, உடம்பும் உறுதியானாத்தான் நான் கத்தியைத் தொடுவேன்” என்று கண்டிப்பாகச் சொல்லி, ஆஸ்பத்திரியின் உடல் இயக்கவியல் பிரிவுக்கு அனுப்பியிருந்தார் டாக்டர்.

அஞ்சு அங்கே ஆராய்ச்சி மாணவி. மனித உடம்பு எப்படி நடக்கிறது, எப்படிக் குனிகிறது, எந்தத் தசை எந்தப் பாரத்தைத் தாங்குகிறது என்பதுதான் அவள் படிப்பு. அவள் அவரைப் பட்டினி போடவில்லை. நடக்கவிட்டுப் படம் எடுத்துப் பார்த்தாள். “முட்டுவலிக்குப் பயந்து பாரம் மொத்தத்தையும் வலது கால்ல போடுறீங்க அங்கிள். அதான் நாலு எட்டு வைக்கதுக்குள்ள உட்கார இடம் தேடுறீங்க.”

முதல் மாதம் முழுக்க, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மட்டுமே பழக்கினாள். தொடை வலுத்தது, வலி அடங்கியது. பிறகுதான் நடை. சோற்றை அளந்து தின்று, விடியற்காலையில் கோட்டைக்குள் தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்தே மனிதர் இருபத்தொரு கிலோ இறங்கியிருந்தார்.

பொன்னம்மை அஞ்சுவின் முழங்கையைத் தொட்டாள். “மோளே, முடியலேன்னு எழுதிக் குடுத்திரு. ஆருக்கும் தெரியாண்டாம்.”

“அதெப்படி ஆன்ட்டி? மெஷின் எழுதுறதை நான் மாத்த முடியாது.” அஞ்சு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தடியா இருந்தா இருந்துட்டுப் போறாரு. கல்லு மாதிரி இருக்க மனுசன எதுக்குப் போட்டுக் கீறணும்? எனக்குப் பேடியாட்டு இருக்கு.”

“அங்கிளுக்குப் பயம் இல்லையே.”

“அவரு பிடிச்ச பிடியில நிக்காரு. எனக்க பேச்சு எங்க எடுபடுது?”

ஒன்பதாவது நிமிடம் டிரெட்மில் பட்டையின் சரிவு தானாக ஏறியது. நூற்று நாற்பத்தெட்டு. நூற்று ஐம்பத்து மூன்று. துடிப்பு நூற்று அறுபதைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று அஞ்சு முதலிலேயே சொல்லியிருந்தாள். தாணுலிங்கத்தின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பத்தாவது நிமிடத்தில் அவர் இடது கால் வழுக்கியது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய, வலது கை கைப்பிடியை நோக்கிப் பாய்ந்தது. ஒரு விரற்கடை தூரத்தில் கையை இழுத்துக்கொண்டு, தடுமாறி, மறுபடியும் நடையைப் பிடித்தார். நூற்று ஐம்பத்தேழு.

பொன்னம்மை எழுந்துவிட்டாள். சுவரைப் பிடித்துப் பிடித்து இயந்திரத்தின் பக்கம் போனாள். அதன் முகப்பில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும் என்று நான்கு மாதமாக அவளுக்குத் தெரியும். கையை நீட்டினாள்.

“ஆன்ட்டி, வேண்டாம்,” என்றாள் அஞ்சு, தாழ்ந்த குரலில்.

“தொடாத பிள்ளே.” தாணுலிங்கத்துக்குச் சொல் ஒவ்வொன்றாகத்தான் வந்தது. “இன்னும் ரெண்டே நிமிசம். எனக்க மூஞ்சப் பாரு.”

பார்த்தாள். அந்த முகத்தில் பயமே இல்லை. கடையில் ஆள் அம்பை அதட்டியே பழகிய மனிதர், சின்னப் பிள்ளை மாதிரிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நீட்டிய விரலை அவளால் அமுக்க முடியவில்லை. மடக்கவும் முடியவில்லை.

நூற்று ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. மறுபடி ஐம்பத்தெட்டு. அறையில் காலடிச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பட்டை வேகம் குறைந்து நின்றது. பன்னிரண்டு நிமிடம்.

அஞ்சு போனை எடுத்து டாக்டரிடம் பேசினாள். இரண்டு முறை “சரி சார்” என்றாள். திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது. “ஸ்கேன் காலைல வந்தாச்சாம். கொழுப்பு கரைஞ்சாச்சு. இதுவும் பாஸ். செவ்வாய்க்கிழமை உறுதி.”

பொன்னம்மை அப்படியே நாற்காலியில் சரிந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தாணுலிங்கம் ஒயர்களைக் கழற்றிவிட்டு வந்து, அவள் எதிரே தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

“உங்களுக்கு வல்லதும் ஆயிப்போச்சுன்னா?” என்று விம்மினாள் அவள். “இப்பக்கூட வேண்டாம்னு சொல்லிரலாம். ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க.”

அவர் அவள் கையை முகத்திலிருந்து விலக்கினார்.

“எனக்குப் பாதி ஈரல் போதும் பிள்ளே. மத்த பாதியில நீ பொழச்சுக்கிடணும்.”