மாப்பிள்ளைக்கு அடி

"நல்லாத் தேடிப் பாருங்கக்கா. ஒரு கீறல் இருந்தாலும் இப்பவே தூக்கிட்டுப் போயிடுங்க." மருந்துக்கடைக்காரர் பூனையைக் கொண்டுவந்து பூனையக்காவின் மடியில் வைத்தார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுவே அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

தெருவில் விட்டுவிட்டுப் போன பூனைகளுக்கெல்லாம் காப்பகம் நடத்துகிறவள் என்பதால் அவள் பூனையக்கா. இந்தப் பூனையும் அங்கே இருந்ததுதான். தட்டு முகத்துக்கு நேரே வந்தால்தான் துரை வாயைத் திறப்பார், அதனால் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். போன வருடம் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் வந்து ஆசையாகத் தத்தெடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த மாப்பிள்ளையைத்தான் பெல்ட்டால் விளாசுகிறார்கள் என்று நேற்றுச் சாயங்காலம் காப்பகத்துக்குப் போன் வந்தது. கிசுகிசுவென்று ஒரு பெண் குரல், வீட்டைச் சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டது.

வேறு யார் வீடாக இருந்தாலும் பூனையக்கா அப்போதே போய் ஒரு பிடி பிடித்திருப்பாள். இவரோ காப்பகத்துக்குக் குடல்பூச்சி மருந்திலிருந்து புண்ணுக்குப் போடும் களிம்பு வரைக்கும் சும்மா கொடுக்கிற மனுஷர். இவரைப் பகைத்துக்கொண்டால் அடுத்த மாதம் மருந்துக்கு யார் வாசலில் போய் நிற்பது? அதற்காக வாயில்லாப் பிராணியை அடிபட விட்டுவிட முடியுமா? தூக்கம் வராமல் புரண்டுவிட்டு, பொழுது விடிந்ததும் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாடிப்படி ஏறுமுன் கீழ்வீட்டு அம்மாளிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அந்த அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேலே அடிக்கிற சத்தம் ஏதாவது கேட்குமா என்றதற்குக் கையில் இருந்த துண்டை ஓர் உதறு உதறினாள்.

"கேக்கும்தான். அடுத்த வீட்டு விவகாரம், நமக்கெதுக்கு வம்பு?"

பூனையக்கா விறுவிறுவென்று படியேறினாள். இதைக் கேட்டுக்கொண்டே இவர்களுக்கெல்லாம் எப்படித்தான் தொண்டையில் சோறு இறங்குகிறதோ!

ஆனால் மேலே வந்து பார்த்தால் மாப்பிள்ளைக்கு ராஜ உபசாரம். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருந்தது, நகம் தீட்டிக்கொள்ளக் கயிறு சுற்றிய கட்டை வைத்திருந்தது, படுக்க மெத்தை தனி. கடைக்காரரின் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றாள். பூனை சரியாகச் சாப்பிடுகிறதா, தூங்குகிறதா என்று அவளைக் கேட்டால் பதில் அவரிடமிருந்து வந்தது. அவள் தரையைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினாள்.

பூனையக்காவுக்குப் பொறி தட்டியது. இந்த ஊமைக்கோட்டான்தான் அவர் கடைக்குப் போனபிறகு கைவரிசையைக் காட்டுகிறாளா? பாவம், இவர் பெயர் அல்லவா கெடுகிறது.

காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புகார் வந்தால் பூனையைக் கதவு சாத்திய அறையில் வைத்துத்தான் பார்ப்பார்கள், அதற்குச் சோறு வைக்கிறவர் மட்டும் கூட இருக்கலாம். ஆள் கூடினால் பூனை மிரண்டுவிடும். தத்துக் கொடுக்கும்போதே இதைப் படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுப்பார்கள்.

"நானும் கூட இருக்கேனே," என்றார் கடைக்காரர்.

எல்லாருக்கும் இதேதான், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பூனையக்கா கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். மனைவி பூனையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

படுக்கையறைக் கதவைச் சாத்தியதுமே பூனையக்காவின் மூக்கில் அந்த வாசனை ஏறியது. காப்பகத்தில் காலையும் மாலையும் அவள் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே களிம்பு. சரிதான், கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மாப்பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்த்தாள். முதுகு, வயிறு, தொடையிடுக்கு, வால் நுனி என்று ஒன்றையும் விடவில்லை. எலும்பை அமுக்கினால் வலிக்கிறதா என்றும் பார்த்தாள். அது சுகமாகக் குர்ரென்றுவிட்டு, எழுந்து போய் அந்தப் பெண்ணின் மடியில் தலையைச் செருகிக்கொண்டது. அடிக்கிற கையைத் தேடி எந்தப் பூனை போகும்?

பூனையக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது அவளுக்கு எரிச்சல்தான் வரும்.

"ரூம் பூராவும் களிம்பு வாசனை வருது. இது உடம்புல ஒரு சிராய்ப்புகூட இல்ல. காயம் எங்கம்மா?"

பூனையின் தலையைத் தடவிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கை நின்றுவிட்டது.

"முடிஞ்சுதாக்கா?" வெளியே கடைக்காரர் கதவை விரலால் தட்டினார்.

இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று பூனையக்கா குரல் கொடுத்தாள். அந்தப் பெண் கதவைப் பார்த்தாள், பிறகு பூனையக்காவின் பக்கம் நகர்ந்து வந்தாள். பேசியபோது வந்தது, நேற்றுப் போனில் கேட்ட அதே கிசுகிசுக் குரல்.

"என்னை அடிக்கிறார்னு எத்தனையோ பேருகிட்ட சொன்னேன், யாரும் வரலக்கா. பூனையை அடிக்கிறார்னு சொன்னேன், விடிஞ்சதும் வந்துட்டீங்க."