மூடியைத் திறந்தவள்

"அறிவிருக்கா உனக்கு? ஃபிலிம் இருக்கிற கேமராவை எவளாவது திறப்பாளா?"

தங்கை கல்யாணத்துக்குத் தானே படம் எடுப்பதாக ஒற்றைக்காலில் நின்றவன், எல்லார் முன்னாலும் மனைவிமேல் எரிந்து விழுந்தான்.

"தெரியாம திறந்துட்டேன். உடனே மூடிட்டேங்க."

"மூடி? வெளிச்சம் பட்டு முப்பத்தாறு படமும் பாழ்!"

"இவளுக்கு நம்ம குடும்பம்னாலே ஆகாதுடா," என்று அவன் அம்மா தூபம் போட்டாள். தங்கை விசும்பினாள்.

"கிளம்பு உங்கம்மா வீட்டுக்கு!" என்று கத்தினான்.

அதுவரை தலைகுனிந்து நின்றவள் அவனை நெருங்கி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உள்ள ஃபிலிமே இல்லங்க. நீங்க போடவே மறந்துட்டீங்க. உங்க மானம் போகக் கூடாதேன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். இப்ப அத்தைகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"