நூற்றுப் பதினெட்டு டிகிரி

சோதனைக் குழாயை நேராக மூக்கில் வைக்கக் கூடாது. கையால் மெல்ல விசிறித்தான் முகர வேண்டும்.

விசிறினாள்.

பதினேழாம் எண் குழாய். உள்ளே இருப்பது என்னவென்று கண்டுபிடித்து எழுத வேண்டும்.

எழுதப் போவதில்லை. ரெக்கார்டு நோட்டுக்குள் நான்காக மடித்த கடிதம் இருந்தது. டி.சி. கேட்டு, நேற்று எழுதியது. இந்த வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் நீட்டிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

பன்னிரண்டாவது வரை தமிழில் படித்து, பள்ளியில் முதலாவதாக வந்தவள். கல்லூரிக்கு வந்த இரண்டே மாதத்தில், தான் ஒரு மக்கு என்று முடிவு கட்டிவிட்டாள்.

பள்ளிப் புத்தகம் எத்தனாயிக் அமிலம் என்றது. கல்லூரிப் புத்தகம் அசிட்டிக் ஆசிட் என்றது. நூலகத்துத் தடித்த புத்தகம் மெத்தேன் கார்பாக்சிலிக் ஆசிட் என்றது. மேடமோ பெயரே சொல்லாமல், எழுத்தும் எண்ணுமாக ஒன்றைப் பலகையில் போட்டார்.

நான்குக்கும் நோட்டில் தனித்தனிப் பக்கம் ஒதுக்கினாள்.

நான்கும் நூற்றுப் பதினெட்டு டிகிரியில் கொதித்தன. நான்கு முறை மனப்பாடம் செய்தாள், மகராசி. பயந்து கிடப்பவளுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

மறுபடி விசிறினாள்.

மூக்கில் சுரீரென்று ஏறியது.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் அப்பாவின் ஃபிரைடு ரைஸ் வண்டி. ஓட்டை போட்ட மூடியுள்ள பாட்டிலைக் கவிழ்த்து அவர் வாணலியில் தெளிப்பார். ஆறாவது படிக்கும்போதிலிருந்து அந்தப் பாட்டிலை நிரப்பிவைப்பது இவள்தான்.

“ஏ ஜெசிந்தா, இது வினிகர்டி!”

பக்கத்து மேசை ஜெசிந்தா எட்டி, இவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

“ஆமா, இது நாலும் அதுதானே. எதுக்குடி நாலு பக்கம்?”

நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினெட்டு.

சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்க வந்தது. கண்ணில் நீர் முட்டியது. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

சிரித்த வேகத்தில் குழாய் சாய்ந்து மேசையில் கொஞ்சம் சிந்தியது.

“மேடம் வர்றாங்க. தொடைக்க ஏதாச்சும் பேப்பர் இருக்கா?”

இருந்தது. நான்காக மடித்தது.