தாம்பூலப் பை

கையில் மஞ்சள் பையோடு ஒருவர் மண்டபத்து வாசலைத் தாண்டிப் போகிறார்.

அவள் சாம்பார் வாளியைக் கீழே வைக்கிறாள்.

அவர் பின்னால் இன்னொரு பை. அதன் பின்னால் ஒரு குடும்பமே, ஆளுக்கொரு பையோடு. வெளியே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம்.

அவளுடைய நடனக் குழுவின் ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் மேசை போட்டுக்கொண்டு சமையல் மாஸ்டர் சந்தானம் நிற்கிறார். நெற்றி நிறைய விபூதி, முகம் நிறையச் சிரிப்பு. வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம். வாங்கியவர்கள் கும்பிட்டுவிட்டுச் செருப்பைத் தேடுகிறார்கள்.

"மாஸ்டர், இத யாரு கேட்டா?"

"கேக்கணுமாம்மா? மண்டபத்துல பந்தி போட்டுட்டு வெறுங்கையோட அனுப்புனா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க? இது என் செலவு. நீங்க ஒண்ணும் தர வேணாம்."



பை கைக்கு வந்தால் விசேஷம் முடிந்தது. திருச்சியில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் தானாக வாசலுக்குப் போய்விடும்.

ஊரில் அவள் போய்ப் பார்க்காத அரங்கம் இல்லை. எல்லாவற்றிலும் படிகள். சக்கர நாற்காலியில் ஆடும் ஜெசிந்தாவை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி மேடையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் குழுவில் யாரையும் மூட்டைபோல் தூக்குவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த மண்டபத்தில் சரிவுப் பாதை இருந்தது. அண்டாவை உருட்டிக்கொண்டு போகக் கட்டியது.

அண்டா போகிற இடத்துக்கு ஜெசிந்தாவும் போவாள்.

ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் டிக்கெட். ஆட்டத்துக்குக் கிடையாது, சாப்பிடாதவரும் வந்து உட்காரலாம். சாப்பாட்டில் மிஞ்சுவது ஆடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம். நோட்டீஸில் தற்கால நடனம் என்று போட்டிருந்தாள். போனில் கேட்டவர்கள் எல்லாம் பாயசம் உண்டா என்றுதான் கேட்டார்கள்.

உண்டு என்றாள்.

அவளை நம்பி ஜெசிந்தா போன வாரம் கால் சென்டர் வேலையை விட்டுவிட்டாள்.

மண்டபத்துக்காரர் முத்துவீரப்பன் ஒன்றுதான் சொல்லியிருந்தார். "மெஸ் நடத்த எடம் தர மாட்டேன். ஆட்டம் பாக்க ஆளு உக்காரட்டும். அப்புறம் வருஷம் பூரா, முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் உங்களுக்குத்தான்."

இப்போது அவர் உள்ளே, காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முன்வரிசையில் ஊன்றுகோலோடு ஒரு கல்லூரிப் பெண். வேறு யாரும் இல்லை.

மைக்கில் கூப்பிடலாம். கெஞ்சலாம்.

கெஞ்சி உட்கார வைத்த கூட்டம் அடுத்த வாரம் வராது.

அவள் ஒரு பெரிய கூடையை எடுக்கிறாள். மேசைமேல் இருந்த பைகள், மேசைக்கு அடியில் இருந்தவை, எல்லாவற்றையும் அதில் போடுகிறாள். கூடையை ஜெசிந்தாவின் மடியில் வைக்கிறாள்.

ஜெசிந்தா ஒரு புருவத்தை உயர்த்துகிறாள். பிறகு சிரிக்கிறாள். சக்கரத்தைத் திருப்பிச் சரிவில் இறங்குகிறாள்.

"அம்மா, பந்தி இன்னும் எந்திரிக்கலையே!"

"பை உள்ள குடுக்குறாங்கன்னு சொல்லுங்க மாஸ்டர்."

சொல்கிறார். அவருடையது அடுப்படியில் வளர்ந்த குரல். தெருவரை கேட்கிறது.

கை கழுவியவர்கள் உள்ளே திரும்புகிறார்கள். பை வாங்காமல் போவதாவது!

ஜெசிந்தா ஆட்டக் கூடத்தின் நடுவில் காத்திருக்கிறாள்.

பட்டுப்புடவைக்கார அம்மாள் ஒருத்திதான் முதலில் கையை நீட்டுகிறாள். நாற்காலி பின்னால் நகர்கிறது. ஒரு சாண்தான். அம்மாள் ஒரு எட்டு வைக்கிறாள். நாற்காலி அரைவட்டம் சுழன்று அவளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

கூடையில் ஒரு பைகூடச் சரியவில்லை.

யாரோ சிரிக்கிறார்கள். அம்மாளும் சிரித்துவிடுகிறாள். தாளம் தொடங்குகிறது.

இன்னொரு கை நீள்கிறது. ரசம் ஊற்றிய பையனுடையது. அப்பளம் வைத்த பெண்ணும் வருகிறாள். ஒவ்வொருவராக வந்து ஜெசிந்தாவைச் சுற்றுகிறார்கள். இதுவரை பரிமாறியவர்கள்தான் ஆட்டக்காரர்கள் என்பது அப்போதுதான் கூட்டத்துக்குத் தெரிகிறது. நீட்டிய கைகள் எல்லாம் ஏமாறுகின்றன. ஏமாந்த கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. நாற்காலி அவற்றுக்கு நடுவே புகுந்து புகுந்து வெளியே வருகிறது.

"மறைக்குதுல்ல, உக்காருங்க!"

சொன்னது அவள் இல்லை. பின்னால் நின்ற யாரோ.

உட்காருகிறார்கள்.

அவள் முத்துவீரப்பன் பக்கம் திரும்பவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

எல்லாம் முடிந்து, கைதட்டல் அடங்கி, மண்டபம் காலியாகிறது.

சந்தானம் மாஸ்டர் கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். முகம் வாடிப்போயிருக்கிறது.

"என் சர்வீஸ்ல இப்படி நடந்ததே இல்லம்மா. உள்ள உக்காந்தவங்க ஒருத்தர்கூட பைய வாங்காமப் போயிட்டாங்களே."

அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

முத்துவீரப்பன் எழுந்து வருகிறார். கூடையிலிருந்து ஒரு பையை எடுக்கிறார். உள்ளிருந்த வெற்றிலையை எடுத்து மேலே வைக்கிறார். சம்பந்தம் பேசி முடித்தவர்போல, இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டுகிறார்.

அவள் ஜெசிந்தாவைக் கை காட்டுகிறாள்.

அவர் அந்தப் பக்கம் திரும்பி நீட்டுகிறார்.

இந்த முறை நாற்காலி பின்னால் நகரவில்லை.