பன்னிரண்டாவது சீட்டு

தொண்ணூற்றாறில் பெருந்துறைத் தறிக்காரர் பொங்கியண்ணன் நொடித்துப்போனார். நூல் கடன் கொடுத்த பதினொரு பேரும் அவருடைய தறிக்கூடத்தில் கூடினார்கள்; அவர் வெளியே வாசலில் நின்றுகொண்டார். கோர்ட்டுக்குப் போய்த் தறிகளை ஏலம் விடுவதா, ஒரு வருடம் தவணை கொடுப்பதா என்று ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போட்டார்கள். அவர்களில் ஒருவரான உக்கடம் நாகூர் மீரான் ‘ஏலம்’ என்று எழுதினார்.

எண்ணியபோது ஏலத்துக்கு ஆறு, தவணைக்கு ஆறு. மீரான் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மறுபடி போடவைத்தார். அப்போதும் பன்னிரண்டு சீட்டு.



“யாரோ ஒருத்தரு கேக்கறாங்க. டைம் குடுத்துப்போடலாமுங்க,” என்றார் மீரான்.

எல்லோரும் தலையாட்டினார்கள்.

வாசலில் பொங்கியண்ணன் ஒவ்வொருவரையும் கும்பிட்டு அனுப்பினார். உள்ளே யாருமில்லை என்று பார்த்துவிட்டுக் கடைசியாக மீரான் வெளியே வந்தார். அவரைக் கும்பிட்ட பொங்கியண்ணன் கைகளை இறக்காமலே, மீரானின் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னார்:

“நீங்களும் பாத்துப் போயிட்டு வாங்க.”