வென்றவள் கேட்டால்

“அந்தச் சீட்டத் திருப்பு, லிகாயா. நான் பாக்கணும்.”

சீட்டுப் போடுகிற லிகாயா அப்படியே நின்றுவிட்டாள். மேசையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், என் புருஷன் வெண்டலைத் தவிர.

சூதாட்ட நகரமான ரீனோவில் காலை பத்து மணி. இரண்டு டாலர், நாலு டாலர் போக்கர் மேசை. எங்களைப் போல ரிட்டயர் ஆனவர்கள் காபியை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை ஓட்டுகிற ஆட்டம்.

தோற்றவன் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டால், அதைத் திருப்பச் சொல்வது மரியாதை இல்லை. கேட்க உரிமை உண்டு. ஆனால் கேட்டால், நீ திருட்டாட்டம் ஆடினாய் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

அதிலும் ஜெயித்தவர் கேட்கவே மாட்டார். வேறு யாராவது கேட்டால் அது செத்த சீட்டு, பார்த்துவிட்டுப் போட்டுவிடலாம். ஜெயித்தவரே கேட்டால் அதற்கு உயிர் வந்துவிடும். அது இன்னும் பெரிய சீட்டாக இருந்துவிட்டால் நடுவில் இருக்கிற பணம் கவிழ்த்தவர் பக்கம் போய்விடும்.

ஜெயித்தது நான். கவிழ்த்தது வெண்டல்.

“மார்லா, உனக்கென்ன பைத்தியமா? பேசாம வாரிப் போட்டுக்கோ,” என்றான் ரஸ்டி. லாரி ஓட்டி ஓய்ந்தவன், வருஷா வருஷம் எங்களை இங்கே பார்க்கிறவன்.

எனக்குக் காசு பெரிதில்லை.

ஏப்ரலிலிருந்து வெண்டல் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசுகிறான், என் காதையோ தோளையோ பார்த்துப் பேசுகிறான். முப்பத்தெட்டு வருஷம் கண்ணைப் பார்த்தே சண்டை போட்டவன்.

விடுமுறையில் சரியாகிவிடும் என்று நம்பித்தான் ஓரிகனிலிருந்து கிளம்பினோம். முதுகு வலி என்று வண்டியை என்னிடம் தள்ளிவிட்டு, வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

ஒரு நாளைக்கு ஒரு கேசினோ என்பது எங்கள் வழக்கம். இந்தத் தடவை அவன் எங்கேயும் நிலைகொள்ளவில்லை. திங்கட்கிழமை அரை மணியில் எழுந்துவிட்டான். “இந்த எடம் சரியில்ல,” என்றான். செவ்வாய்க்கிழமை வேறு கேசினோ, அங்கேயும் அதே பாட்டு. சரியில்லாதது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நான்தான் போல என்று எனக்குள்ளேயே புழுங்கினேன். வேறு எவளாவது இருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அறுபத்தேழு வயதில்! வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் நினைத்தேன்.

இன்று புதன், மூன்றாவது கேசினோ. இந்த ஆட்டத்தில் கடைசியில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

புருஷன் பெண்டாட்டி மட்டும் மிஞ்சினால், மற்ற ஜோடிகள் பந்தயம் கட்டாமல் மேசையைத் தட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். வெண்டல் அப்படி விட்டதே கிடையாது. “மேசைல நீ எனக்குப் பொண்டாட்டி இல்ல,” என்று சிரித்துக்கொண்டே என் மேல் பந்தயத்தை ஏற்றுவான். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். வேறெந்த ஆம்பளையும் என்னை அவ்வளவு சமமாக நடத்தியதில்லை.

இன்று ஏற்றவில்லை. நான் கட்டிய நாலு டாலருக்கு நாலை வைத்தான், அவ்வளவுதான். நான் என் இரண்டு சீட்டையும் காட்டினேன். நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திருப்பி வைத்த ஐந்து சீட்டோடு சேர்த்து, “ராணி ரெண்டு, ஒம்போது ரெண்டு,” என்று லிகாயா உரக்கச் சொன்னாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்துத் தள்ளிவிட்டான்.

எனக்கு விட்டுக்கொடுக்கிறான் என்று பட்டது. மனசு விட்டுப்போனவன்தான் இப்படி இரக்கம் காட்டுவான்.

“நிஜமாத்தான் கேக்குறீங்களா?” என்றாள் லிகாயா.

“திருப்பு.”

திருப்பினாள். ஆட்டீன் ராஜா. ஆட்டீன் ஆறு. நடுவில் ஏற்கெனவே மூன்று ஆட்டீன் கிடந்தன. ஐந்தும் ஒரே இனம். என் இரண்டு ஜோடி அதற்குக் கால் தூசு.

“அடப்பாவி! இத வச்சுக்கிட்டா தூக்கிப் போட்ட?” என்று ரஸ்டி கத்தினான். என் பக்கம் வரவேண்டிய பந்தய வில்லைகளை லிகாயா வெண்டல் பக்கம் தள்ளினாள்.

நான் பொங்கிவிட்டேன்.

“என்ன இது வெண்டல், தர்மமா? உங்கிட்ட நான் கையேந்தினேனா?”

வெண்டல் வில்லைகளைத் தொடவில்லை. லிகாயாவின் குரல் வந்த பக்கம் திரும்பினான்.

“ஒண்ணு ராஜான்னு தெரிஞ்சுது,” என்றான் மெதுவாக. “இன்னொண்ணு என்னம்மா?”

ரஸ்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இவனையா சந்தேகப்பட்டேன் என்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“அட மடையா, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?” அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “என் மூஞ்சியே உனக்குப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சேனே. இத்தன மாசமா என்னப் பாக்கவே மாட்டேங்கிறியேன்னு...”

வெண்டல் என் காதுப் பக்கம் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

“நேராப் பாத்தா உன் மூஞ்சி காணாமப் போயிடுது, மார்லா. நடுவுல கறுப்பா ஒரு திட்டு மறைக்குது. இப்படிக் கொஞ்சம் தள்ளிப் பாத்தாத்தான் நீ தெரியுற. அதான், நீ இருக்கிற எடத்துல எல்லாம் இப்படியே பாத்துக்கிட்டு இருக்கேன்.”