உரக்குழி வரைக்கும்

ரேடியோ அக்கா மாடி வீட்டு கேட்டில் கை வைத்துவிட்டாள்.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன். நம்ம வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டவ இவதான்!"

கூடவே தெருக்கூட்டும் சின்னவள் பின்னாலேயே நின்றாள். சருகு மூட்டைகள் ஏற்றிய கைவண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வாரமாக இதே பாட்டுதான். யாரோ ஒரு பெண், பெயர் சொல்லாமல், நகராட்சி அலுவலகத்துக்கு போன் போட்டுவிட்டாள். தெருக்கூட்டுகிறவர்கள் சருகை எரிக்கிறார்கள், புகை தாங்கவில்லை என்று புகார். மறுநாளே மேஸ்திரி வந்து தீப்பெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

முன்பெல்லாம் ஒரு குச்சி போதும். கூட்டிக் குவித்துக் கொளுத்திவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். இப்போது அத்தனையையும் சாக்கில் திணித்து, பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் உரக்குழி வரை தள்ள வேண்டும்.

ஒரு நாளைக்கு ஆறு நடை. இலை உதிரும் மாதம் வேறு. மரங்களுக்கு ஈவிரக்கமே கிடையாது. சின்னவளின் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மாடி வீட்டு ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். புகை ஆகாதவள் என்பதற்கு ரேடியோவுக்கு அந்தச் சாட்சி போதும்.

ரேடியோ என்பது மேஸ்திரி வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாய் ஓயாது. போன மாதம் வரை இரண்டு வருடம் அந்த ரேடியோ கெட்டுக் கிடந்தது. பாதிப் பேச்சில் இருமல் வந்து, நடைபாதையில் குந்தி நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

புகைப் பக்கமே போகாதே என்றார் டாக்டர். அப்படியானால் சோற்றுக்கு வேறு வழி சொல்லுங்கள் என்று அவரிடமே சிரித்தாள். அந்தச் சிரிப்பும் இருமலில்தான் முடிந்தது.

கேட் கிறீச்சிட்டது. மாடி வீட்டம்மா அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் ரேடியோவின் வேலை போய்விடும்.

அவர்களாக இருக்காது அக்கா என்று சின்னவள் இழுத்தாள்.

"உனக்கு என்னடி தெரியும், வாயில்லாப் பூச்சி! உன் இடுப்பு ஒடியறதைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரமே."

சின்னவள் கேட்டை ஒரு தடவை பார்த்தாள். வண்டியைத் தனியாகத் தள்ளி, வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கினாள். வண்டி சாய்ந்தது. ரேடியோ கேட்டை விட்டுவிட்டு ஓடிவந்து மறுபக்கம் தாங்கினாள்.

பிறகு தள்ளிக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள். போன் போட்டவள் கை விளங்காமல் போக. ஊரிலுள்ள மரமெல்லாம் அவள் வாசலில் உதிர. அவளே ஒரு நாள் இந்த வண்டியைத் தள்ளிப் பார்க்க, அப்போது தெரியும்.

தெருமுனை தாண்டியது. பூங்கா தாண்டியது. மேடும் ஏறியாயிற்று. திட்டு நிற்கவில்லை.

குழியருகே சின்னவள் சாக்குகளை இறக்கினாள். அன்றைக்கு அலுவலகத்துக்கு போன் போட்டதும் இந்தக் கைதான். பெயர் கேட்டதும் சட்டென்று வைத்துவிட்டாள்.

தெருவிலிருந்து குழி வரைக்கும், மேட்டையும் சேர்த்து, ரேடியோ ஒரு தடவைகூட இருமவில்லை.

இன்னும் ஐந்து நடை பாக்கி. சின்னவள் வண்டியைத் திருப்பினாள்.

"அப்புறம் என்னக்கா பண்ணணும் அவளை?" என்று கேட்டாள்.